சமறிக்காரரைத் தேடி ஒரு பழைய டொல்பின் வானில்

பென்சனில் வந்து ஒரு வருசம் வீட்டில் இருந்து பார்த்தேன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை, மூன்றாம் மாடி. விடியத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடலோரம் நடை. வந்து பேப்பர். அது முடிய, மனுசி சமைக்கிற நேரம் குசினி வாசலில் நின்று உப்புக் கணக்குச் சொல்வது. ஒரு நாள் அகப்பையோடு திரும்பினாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒரு வேலை வேணும். இல்லாட்டி எனக்கு வேற குசினி வேணும்."

இரண்டுக்கும் சேர்த்துத்தான் வான் வந்தது.

நான் அரசாங்கக் கந்தோரில் படவரைஞனாக இருந்தவன். 65 வயதுவரை வேலை செய்யலாம் என்று 2021 கடைசியில் சொன்னார்கள். சரி, இன்னும் காலம் கிடக்கிறது என்று கதிரையில் சாய்ந்தால், அடுத்த வருசமே 60 என்று இறக்கிவிட்டார்கள். 2022 டிசம்பர் 31 அன்று நாடு முழுக்க ஒரே நாளில் வீட்டுக்குப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு திட்டமும் இல்லாமல் வந்து நின்றேன் என்பதுதான் உண்மை.

சமறியைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணம் கட்டாத பெடியள் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முறை வைத்துச் சமைத்து, முறை வைத்துச் சண்டை பிடித்து இருப்பதற்கு அந்தக் காலக் கொழும்பில் சமறி என்று பெயர். 1981 இல் நான் வேலைக்கு வந்தபோது வெள்ளவத்தையில் ஏழு பேர் அப்படி இருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. மன்னாரான், கொட்டகலையான், மட்டக்களப்பான், திருகோணமலையான், பருத்தித்துறையான் என்று ஊர்தான் பெயர். நான் மானிப்பாயான். 1983 ஆடிக் கலவரத்தோடு அந்த வீடு கலைந்தது. ஏழாமவனைப் பற்றி 1987 க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மற்ற ஐந்து பேரோடும் கலியாண வீடு, செத்த வீடு, பிறகு வட்ஸ்அப் என்று தொடர்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் ஒருவன் வீட்டில் ஓர் இரவு தங்கி ஆறுதலாகக் கதைத்தது என்று பார்த்தால், நாற்பது வருசத்தில் இல்லை. லீவு கிடைத்த காலத்தில் வழி இல்லை, வழி திறந்த காலத்தில் லீவு இல்லை.

போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வயதில் ஒரு வீட்டில் இரண்டு பேர் போய் இறங்குவது சின்ன விசயம் இல்லை. அந்த வீட்டிலும் இரண்டு கிழடுகள்தான். ஒருவருக்கு முழங்கால், மற்றவருக்குச் சீனி வருத்தம். விருந்தாளி வந்தால் சோறு, கறி, படுக்கை விரிப்பு, துவாய், சுடுதண்ணி. நாங்கள் வந்துவிட்டுப் போன பிறகு அந்த மனுசி மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். அதை நினைத்தால் போனில் சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும்.

இதற்கு வழி சொன்னவன் பருத்தித்துறையான். கனடாவில் முப்பது வருசம் இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவன். அங்கே பென்சன்காரர் படுக்கையும் அடுப்பும் பூட்டிய வாகனத்தில் மாதக்கணக்காகச் சுற்றுவார்களாம். சிநேகிதர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, பகல் முழுக்க வீட்டில் கதைத்து, இரவு தங்கள் வாகனத்தில் படுப்பார்களாம். "உன்ர படுக்கை உன்னோட வந்தா உன்னை ஆரும் பாரமா நினைக்கமாட்டினம்" என்றான். அது கனடாவுக்குச் சரி. இங்கே அது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பிறகு அவன் வீட்டு வாசலிலேயே கண்டேன்.

2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தியிருந்த காலம் அது. பழைய வாகனமெல்லாம் பொன் விலை. கடைசியில் எங்கள் ஒழுங்கையால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போன ஒரு டொல்பின் வான் வந்து வாய்த்தது. ரொயோட்டா ஹைஏஸ், 3எல் டீசல் எஞ்சின். இருக்கைகளுக்கு அடியில் இருந்து பென்சில் துண்டும் இறப்பரும் ஒரு சின்னச் சப்பாத்தும் எடுத்தோம். சப்பாத்தை மனுசி எறியவிடவில்லை. இன்னும் கண்ணாடிக்கு முன்னால் கிடக்கிறது.

இருக்கைகளைக் கழற்றுவதற்கு முதல் ஒரு வேலை: பதிவுப் புத்தகத்தில் என்ன வகை, எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ, வாகனம் அதற்கு மாறாக நிற்கக்கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் முதலே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். அடிபட்ட பிறகு கேட்டால் கேட்ட கேள்விக்குப் பதில் வராது, கேள்விதான் திரும்பி வரும்.

தச்சு வேலை செய்த ஓடாவி நல்ல வேலைக்காரன். ஆனால் இளந்தாரி. கட்டிலை நிலத்தோடு ஒட்டப் பதிவாகப் போட்டுவிட்டான், மேலே இடம் தாராளமாக இருக்குமாம். முதல் நாள் மனுசி அதில் படுத்தாள், எழும்ப முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க, எனக்கு முதுகு பிடித்தது. உடைத்து 18 அங்குல உயரத்தில் திரும்பப் போட்டோம். சாப்பாட்டுக் கதிரையின் உயரம் அது. இருந்தால் பாதம் நிலத்தில் படவேண்டும், எழும்ப ஒரு பிடி வேண்டும். வயது போனவர்களுக்கு மெத்தையின் மென்மையைவிட இதுதான் முக்கியம். அதோடு கட்டிலுக்குக் கீழே பெரிய பெட்டிகள் வைக்கவும் இடம் வந்தது. பலகை 12 மில்லிமீற்றர் பிளைவூட், கீழே குறுக்குச் சட்டங்கள். 18 மில்லிமீற்றர் போட்டால் வான் பாரம் கூடி மலையேற்றத்தில் முனகும்.

குளிர்ப்பெட்டி வைக்கவில்லை. படவரைஞன் என்றபடியால் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் பற்றரியைத் தொடாமல், தனியாக 100 ஏஎச் (அம்பியர் மணி) பற்றரி ஒன்று. ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும். ஆகவே கையில் இருப்பது 50 தான். இரண்டு காற்றாடி, ஒன்றுக்கு ஒன்றரை அம்பியர், இரவில் எட்டு மணித்தியாலம் சுற்றினால் 24 போய்விடும். சின்னக் குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு 40 அளவில் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் விடியும் முன்னே வியர்வையில் எழும்பவேண்டியதுதான். எங்களுக்குக் காற்றாடியே பெரிது.

அப்படியானால் மனுசியின் இன்சுலின்? திறந்து பாவிக்கிற குப்பியை 30 பாகைக்குக் கீழே வைத்தால் நாலு கிழமைவரை தாங்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்குள் அந்த 30 எப்போதோ தாண்டிவிடும். மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நிழலில் காற்றுப்பட வைத்தால் ஓரளவு குளிரும். வானை விட்டு இறங்கும்போது பானையும் எங்களோடு இறங்கும். போன வீடுகளில் எல்லாம் முதலில் உள்ளே போனது அந்தப் பானைதான், நாங்கள் பிறகு. மற்ற மருந்துகளோடு கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போய் நின்றால் உங்களைப் பற்றிச் சொல்ல அந்தக் கொப்பி ஒன்றுதான் இருக்கும்.

ரயர் கதை ஒன்று. வெளிக்கிட முதல் நாலும் புதிதாகப் போடுவோம் என்று ஒரு கடையில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். கறுப்புப் பூசி மினுமினுக்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் ரயரின் பக்கத்தில் 2314 என்று இருக்கிறது. கடைசி நாலு இலக்கத்தில் முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருசம். 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்த ரயரை ஏறக்குறையப் பத்து வருசம் கழித்து எனக்குப் புதிது என்று தந்திருக்கிறார்கள். பூ தேயாவிட்டாலும் றப்பர் காய்ந்து வெடிக்கும். சண்டை பிடித்து மாற்றினேன். பில்லைப் பார்க்க முதல் ரயரைப் பாருங்கள்.

2024 மாசி நடுவில் புறப்பட்டோம். மாரி மழை முடிந்து வடக்கும் கிழக்கும் காய்ந்திருக்கும், வெயிலின் உச்சம் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளிதான் வானில் படுக்கத் தோதான காலம். எல்லாருக்கும் ஒரு மாதத்துக்கு முதலே போன் எடுத்தேன். நண்பனிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், அவன் மகனிடமோ மகளிடமோ தனியாக ஒருதரம் கேட்டேன். "அப்பா எப்படி இருக்கிறார்? நாங்கள் வந்தால் யாருக்குக் கஷ்டம்?" நண்பன் எப்போதும் "ஒண்டும் இல்லை, வா" என்றுதான் சொல்வான். உண்மை பிள்ளைகளிடம் இருந்துதான் வரும்.

முதல் இரவு கொட்டகலை. கினிகத்தேனை ஏற்றத்தில் வான் இரண்டாம் கியரில் ஆறுதலாக ஏறியது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. வாசலில் கொட்டகலையான் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றான். "என்னாடா மானிப்பாய், பஸ்ஸே வாங்கிட்டியா?" பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏறிப் பார்த்தார்கள். ரிட்டயர் ஆன வாத்தியார் வீடு, யாருக்கும் கேள்வி கேட்கத் தடை இல்லை. கொழும்பு வெக்கைக்காக யோசித்துச் செய்த வானில் ஒரு குளிருடுப்பும் இல்லை. இரவு அவன் மனைவி இரண்டு கம்பளியோடு வந்து யன்னலில் தட்டினாள்.

அவனிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். வந்த அன்று இரவு பழைய கதை எதையும் தொடங்கவிடவில்லை. "இன்னைக்கி சாப்பிட்டுப் படுங்க, நாளைக்கிப் பேசலாம்." ஆறு மணித்தியாலம் ஓடி வந்த கிழவனின் காதில் ஒன்றும் ஏறாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற வீடுகளிலும் இதையே கடைப்பிடித்தோம். முதல் மாலை களைப்புக்கு, அடுத்த நாள் முழுக்கக் கதைக்கு, மூன்றாம் நாள் காலை வெளிக்கிடுவது. மூன்றாம் நாளும் இருந்தால் அரசியல் வரும்.

நுவரெலியாவால் போய், ஹக்கலையில் இருந்து வெலிமடைக்கு இறங்கும்போதுதான் என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டியிருந்தது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வந்தவன், இறக்கத்தில் வான் சுகமாக ஓடுகிறது என்று மூன்றில் விட்டு, பிறேக்கை மிதித்து மிதித்து வந்தேன். மனுசிதான் முதலில் சொன்னாள், ஏதோ கருகிற மணம் என்று. நான் தேயிலைத் தோட்டத்தில் எரிக்கிறார்கள் என்றேன். அடுத்த வளைவில் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரை இறக்கி, கைப்பிறேக்கையும் மெதுவாக இழுத்து, ஒரு மரக்கறித் தட்டிக் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். முன் சில்லில் இருந்து புகை. கடைக்காரப் பெடியன் நல்லெண்ணத்தில் வாளியோடு தண்ணீர் கொண்டு ஓடிவந்தான், மறித்தேன். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், வளையும். முக்கால் மணித்தியாலம் கரட் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இது எனக்கு இருபது வயதில் தெரியும். அறுபதில் மறந்துபோயிருக்கிறது.

பதுளை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று மட்டக்களப்பு. மட்டக்களப்பான் 2004 சுனாமிக்கு முதல் கல்லடிக் கடற்கரையில் இருந்தவன். இப்போது வாவிக்கு இந்தப் பக்கம் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறான். மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், தொலைக்காட்சி. நல்ல சனம். சோறும் எருமைத் தயிரும் வந்தபடி இருந்தது. ஆனால் பகல் முழுக்க அவனோடு இருந்தும் அவனோடு கதைக்கவில்லை என்றே எனக்குப் பட்டது. ஒரு வசனம் தொடங்குவான், பேத்தி வந்து மடியில் ஏறும், "மறுகா சொல்றன் மச்சான்" என்பான்.

விடிய நாலு மணி இருக்கும். வானின் கதவில் மெல்லத் தட்டல். கையில் தேத்தண்ணிப் போத்தலும் இரண்டு கோப்பையும். "முழிப்பா மச்சான்? உள்ள வரட்டா?" மனுசி போர்வையைச் சுற்றிக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டாள். அவன் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். கொஞ்ச நேரம் கூரையில் ஓடாவி அடித்த ஆணிகளை எண்ணுகிற மாதிரிப் பார்த்தான். பிறகு கடல் வந்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். அவன் மனைவியின் கை எந்த இடத்தில் விடுபட்டது என்பதைச் சொன்னான். இருபது வருசமாக மகனுக்குச் சொல்லாதது. அந்த வீட்டில் அதைச் சொல்ல ஒரு மூலையும் இல்லை, சொன்னால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்று பயம். வெளிச்சம் வந்ததும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு இறங்கி, வாசலில் நின்ற மருமகளிடம், "ரெண்டு பேருக்கும் பிட்டு அவி புள்ள" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்குப் பிறகு வானுக்குள் இரண்டு கோப்பை கூடுதலாக வைத்துக்கொண்டோம்.

மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்கு வாகரை, வெருகல், மூதூர் வழி. எங்கள் இளமையில் அந்த வழியில் ஆறும் களப்பும் வருகிற இடமெல்லாம் இறங்கிப் பாதைக்குக் காத்திருக்கவேண்டும். பாதை என்றால் வாகனம் ஏற்றுகிற மிதவை. இப்போது எல்லாம் பாலம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது, 396 மீற்றர். திருகோணமலையான் அந்தப் பக்கம் வேலை செய்தவன். பாலத்தில் ஓடும்போது அவன் பாதையில் பட்ட பாடு ஞாபகம் வந்து சிரித்தேன்.

திருகோணமலையானுக்கும் எனக்கும் உண்மையில் கதைக்க அவ்வளவு இல்லை. சமறியில் இருக்கும்போதும் அப்படித்தான். கணக்குப்பிள்ளைப் புத்தி. முதல் பகல் இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசி முடித்தோம். இனி என்ன செய்வது என்று இருக்கும்போது எழும்பி உள்ளே போனான். அலுமாரி திறக்கிற சத்தம். பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு சி.ஆர். கொப்பியோடு வந்தான்.

சமறிக் கணக்குக் கொப்பி. கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஓடியவன், இதைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறான். அகதி முகாமுக்குப் போய், கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து ஊருக்கு வந்த கொப்பி. விளிம்பெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நீல மையில் அவனுடைய சாய்ந்த எழுத்து: பாண், தேங்காய், மண்ணெண்ணெய், பருப்பு, யார் எவ்வளவு கொடுத்தான், யார் இன்னும் தரவேண்டும். கடைசி வரி 24.07.83, ஞாயிற்றுக்கிழமை: "மீன், மன்னாரான் வாங்கினது, காசு குடுக்கவில்லை." அதற்குக் கீழே கோடு போடவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் திகதி மட்டும் முதலே எழுதி வைத்திருந்தான்.

"நீ 42 ரூபா 50 சதம் தரவேணும்" என்றான். பகிடி என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பில்லை. ஐம்பது ரூபா நோட்டைக் கொடுத்தேன். மிச்சம் ஏழு ரூபா ஐம்பதைத் தேட அவன் மனைவியைக் கூப்பிட்டான். பிறகு கொப்பியை என் கையில் தந்து, "பருத்தித்துறையிட்டையும் மன்னாரிட்டையும் காட்டு. கணக்கை முடிச்சுக்கொண்டு திருப்பி அனுப்பு" என்றான். அந்த நேரந்தான் அவன் கண் கலங்கியது. நாற்பது வருசம் அந்தக் கொப்பியை யாருக்குக் காட்டுவது என்று காத்திருந்திருக்கிறான் போல.

அங்கிருந்து வவுனியாவுக்கு ஹொரவப்பொத்தானை வழியாக வருகிறவர்கள் கவனிக்கவேண்டியது யானை. மத்தியானத்துக்குள் காட்டு வழியைக் கடந்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு அந்தத் தெரு உங்களுடையது இல்லை. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல் இருக்கவேண்டும். வாழைப்பழம் எறிகிறவர்களால்தான் அவை தெருவுக்கு வந்து பழகுகின்றன. நாங்கள் ஒரு வியாழக்கிழமை ஒன்றரை மணிக்குப் புறப்படத் தயாரானோம். அவன் மனைவி இராகுகாலம் என்று மூன்று மணிவரை கேற்றைத் திறக்கவிடவில்லை. மூன்றுக்கு வெளிக்கிட்டால் காட்டுக்குள் ஐந்தாகும். இராகுவா யானையா என்று யோசித்து, இன்னோர் இரவு தங்கினோம். இனிமேல் பயண அட்டவணை போடும்போது இராகுகாலத்தையும் சேர்த்தே போடுவேன், நம்பிக்கை இருக்கோ இல்லையோ. கேற்றின் திறப்பு வீட்டுக்காரியின் கையில்.

பருத்தித்துறை. இந்த யோசனையைத் தந்த மகானின் வீடு. மாடி, மாபிள், ஏசி பூட்டிய மூன்று அறை. இருக்கிறது அவனும் மனைவியும். வானை முற்றத்தில் நிறுத்தி, நுளம்பு வலையை யன்னலில் கொழுவத் தொடங்கினேன். அவன் மனைவி விறாந்தையில் நின்று பார்த்தாள். முகம் கறுத்தது.

"அண்ணை, இவ்வளவு அறை சும்மா கிடக்க நீங்கள் முத்தத்தில படுக்கிறதோ? விடிஞ்சா ஒழுங்கைச் சனம் என்ன கதைக்கும்?"

"இல்லைத் தங்கச்சி, உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு..."

"கரைச்சல் எண்டு நினைச்சால் வந்திருக்கமாட்டியள்."

நான் அவனைப் பார்த்தேன். கனடாக் கதை சொன்ன வாய் திறக்கவேயில்லை. மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். வலையைச் சுருட்டிவிட்டு உள்ளே போனோம். நான்கு இரவு ஏசிக்குள் நடுங்கினோம். அறையில் படுத்தாலும் மனுசி காலைத் தேத்தண்ணியை மட்டும் வானில் வைத்து, அவர்கள் எழும்ப முதல் அவர்களுக்கும் ஊற்றிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் அந்தத் தங்கச்சியே குசினியை விட்டுவிட்டு வானின் பின்கதவுக்குக் கீழே, ஸ்ரூலில் இருந்து அவளோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டொல்பினின் பின்கதவு மேலே தூக்குகிற கதவு. திறந்துவிட்டால் இரண்டு பேருக்கு நிழல். 2.3 கிலோ கேஸ் சிலிண்டரையும் அந்த இடத்தில்தான் வைத்து எரிக்கவேண்டும், உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு இல்லை. அதேபோல எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவதும் கூடாது. புகையோடு உள்ளே வருகிற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, எழும்பவும் மாட்டீர்கள்.

ஆகவே யாராவது கேட்டால் சொல்லுவேன்: வானில் படுப்போம் என்பதைப் போய் இறங்கிய பிறகு சொல்லாதீர்கள். போனிலேயே, அதுவும் வீட்டுக்காரியிடம், காரணத்தை உங்கள் தலையில் போட்டுச் சொல்லுங்கள். "எனக்கு இரவில நாலுதரம் எழும்பவேணும், உங்களையும் எழுப்பிப்போடுவன்" என்றால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். என் விசயத்தில் அது பொய்யும் இல்லை.

கொப்பியைக் காட்டினேன். பருத்தித்துறையான் தன் கடனைக் கனடா டொலரில்தான் தருவேன் என்று நின்றான். கொப்பிக்குள் வைத்தேன். கணக்குப்பிள்ளை அதை எந்த விகிதத்தில் மாற்றினானோ தெரியாது.

மன்னாருக்கு சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழி. அந்தப் பாலம் 2011 இல் வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து மன்னார் கிட்டிவிட்டது. பெருக்க மரமும் கழுதைகளும் உள்ள ஊர். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போகிற வாகனங்களால் தெரு நிறைந்திருந்தது. மன்னாரானின் வீட்டில் இடம் இல்லை என்று அவன் மகள் லண்டனில் இருந்து முதலே சொல்லியிருந்தாள். ஒரு அறை, ஒரு விறாந்தை. அறையில் அவன் மனைவி. பாரிசவாதம் வந்து பதினாலு மாசம். பகலில் உதவிக்கு ஒரு பிள்ளை வரும், இரவில் அவன் தனியே. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். சமறியில் எங்களுக்குள் மிகக் குண்டன் அவன். ஒழுங்கையில் வந்து கையை ஆட்டியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, வேறு யாரோ வழி காட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த ஒரு வீட்டுக்கு வான் இல்லாமல் நாங்கள் போயிருக்கவே முடியாது. பனைகளுக்குக் கீழே நிறுத்தப் பார்த்தேன், "விழும்" என்று கையால் காட்டினான், தள்ளி நிறுத்தினேன். பருத்தித்துறைத் தட்டைவடையை அவன் பல்லால் கடிக்க முடியாமல் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டான். கொப்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். கடைசி வரிக்கு வந்து, "அந்த மீன் சமைக்கவே இல்லையேடா" என்றான். அவனுக்குத்தான் 11 ரூபா வரவேண்டியிருந்தது. வாங்க மறுத்துவிட்டான்.

அன்று சிவராத்திரி. மனுசி மத்தியானமே திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தில் தோய்ந்து, கோயிலுக்குப் போய் வந்திருந்தாள். எப்படியும் இரவு முழிப்பு. அவள்தான் சொன்னாள்: "அண்ணை, நான் முழிச்சிருக்கத்தான் போறன். எங்கை இருந்து முழிச்சால் என்ன? நீங்கள் போய் வானில படுங்கோ. இவரும் என்னோட இருப்பார்." அவன் கேட்கவில்லை. நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றினேன். 18 அங்குலக் கட்டில், சுகமாக இருந்தான். இரண்டு காற்றாடியையும் அவன் பக்கம் திருப்பிவிட்டேன். நாலு மணிக்கு எழுப்பச் சொன்னான்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தோம். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு என்று அவளைத் திருப்பினோம். மனுசி மெதுவாகத் தேவாரம் சொன்னாள். சுவரில் மாதா படம், அதற்குச் சின்னச் சிவப்பு விளக்கு. படுத்திருந்தவளின் ஒரு பக்கக் கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம்தரம் திருப்பும்போது இடது கையால் மனுசியின் வளையலைத் தொட்டுப் பார்த்தாள்.

நாலு மணிக்கு நான் எழுப்பவில்லை. ஆறுக்குக் கோயில் மணியும் கேட்டது. ஏழரைக்கு மூன்று கழுதைகள் வந்து வானின் பம்பரை உரசத் தொடங்கின. நான் ஓடிப்போய் ஈர்க்குக்கட்டையை ஆட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் துரத்திக்கொண்டு நின்றேன். ஒன்பது மணிவரைக்கும் வானுக்குள் இருந்து குறட்டை வந்தபடி இருந்தது.